சுண்ணாம்பு மணம்

நாயை ஞமலி என்றும் ஞாளி என்றும் பழந்தமிழ் வழங்கியது. அதன் குட்டியைக் குருளை என்று சொல்வது தொல்காப்பிய மரபியல் வகுத்த வழக்கு. இவற்றை ஆண்டுதோறும் வகுப்பறையில் சொல்லிவரும் ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தும், 2024 ஐப்பசிவரை அங்கு ஒரு நாய் காலடி வைத்ததில்லை.

வந்தது இரு கண்களிலும் பார்வையற்ற தெருநாய். கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விடுவது, விலங்கு இனக்கட்டுப்பாடு குறித்த 2023ஆம் ஆண்டு விதிகளின் பொதுநெறி. கண் தெரியாத நாயைப் பேருந்துகள் ஓடும் சாலையில் எப்படி விடுவது? காப்பகத்தார் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அழைத்துவந்தோம். ஞமலி என்றே பெயரிட்டோம். அம்மா முதல் நாளே ‘மணி’ என்று கூப்பிட்டார். அது அம்மாவின் பெயருக்குத்தான் காதுகளை நிமிர்த்தியது.

எங்களுடையது கும்பகோணத்துப் பழைய வீடு. ரேழி, கூடம், நடுவே பள்ளமான முற்றம், கொல்லையில் கிணறு. பார்வையுள்ளவர்களுக்காகக் கட்டப்பட்ட வீடு அது என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. கிணற்றின்மீது கம்பிவலை போட்டோம். தூண்களின் கீழ்ப்பகுதியிலும் கட்டில் கால்களிலும் பழந்துணி சுற்றினோம். முற்றத்தின் நான்கு விளிம்புகளிலும் கயிற்று மிதியடிகளை விரித்தோம். பாதத்தில் சொரசொரப்புத் தட்டினால் அடுத்தது பள்ளம் என்று அது கற்றுக்கொள்ள வேண்டும். அம்மா நாற்பது ஆண்டுகளாக ஆடிய ஊஞ்சலின் பலகை கழற்றப்பட்டது.

கால்நடை மருத்துவர் சில விதிகளைச் சொன்னார். தண்ணீர்க் கிண்ணத்தின் இடம் மாறக்கூடாது. தூங்கும்போது குரல் கொடுத்த பிறகே தொடவேண்டும். பரிதாபப்பட்டுத் தூக்கிக்கொண்டு திரியக்கூடாது. இறக்கிவிடும் இடம் எதுவென்று அதற்குத் தெரியாமல் போகும். நாங்கள் ‘படி’, ‘நில்’ என்ற இரு சொற்களைப் பழக்கினோம். அம்மா எதையும் பழக்கவில்லை. அவருடைய இடுப்புச் சாவிக்கொத்தின் ஓசையைப் பிடித்துக்கொண்டு மணி தானாகவே அவர் பின்னால் நடந்தது. மார்கழி நடுவில், யார் துணையுமின்றி, சுவரோடு உடம்பை உரசிக்கொண்டு வாசலிலிருந்து கொல்லைவரை போய்வந்தது. நாங்கள் பெருமைப்பட்டோம்.

பின்னர் 2025ஆம் ஆண்டின் போகி வந்தது. வழக்கப்படி வீடு முழுவதும் வெள்ளையடித்தோம். அலமாரியை வடக்குச் சுவருக்கு மாற்றினோம். பழைய பாய்களோடு மிதியடிகளையும் வெளியே எறிந்தோம். மாலையில் மணியைக் கூடத்தில் விட்டபோது அது நான்கு அடி நடந்தது, மூக்கைத் தூக்கியது, அலமாரியில் மோதியது. திரும்பி ஓடி முற்றத்தில் விழுந்தது. மூக்கில் இரத்தம். எங்கள் கண்ணுக்கு வீடு அப்படியேதான் இருந்தது. அதற்கோ, இரண்டரை மாதம் மோந்து மோந்து சேர்த்துவைத்த வீடு ஒரே பகலில் அழிந்து, சுண்ணாம்பு மணம் ஒன்றே மிஞ்சியிருந்தது.

இரண்டு நாள் அது துவைகல்லின் அடியிலிருந்து வெளியே வரவில்லை. சோற்றைத் தொடவில்லை. படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்தது. மூன்றாம் நாள் இரவு, தாழ்ந்த குரலில், காப்பகத்திலேயே திரும்ப விட்டுவிடலாமா என்று பேசிக்கொண்டோம். அதன் நன்மைக்காகத்தான் என்றும் சொல்லிக்கொண்டோம். உண்மையில் எங்களுக்குச் சலித்திருந்தது.

அம்மா தூங்கவில்லை போலும். “நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல மூணு தடவ நிலையில தலைய இடிச்சுக்கிட்டேன். என்னை யாரும் கொண்டுபோய் விட்டுடலயே” என்றார், இருட்டிலிருந்து.

மறுநாள் அலமாரி பழைய இடத்துக்குப் போனது. அம்மா தாம் உடுத்திய, துவைக்காத புடவை ஒன்றைக் கிழித்து, மணி நடக்கும் வழியெல்லாம் துண்டுதுண்டாகப் போட்டார். சாவிக்கொத்தை வேண்டுமென்றே குலுக்கியபடி கொல்லைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். பிற்பகலில் துவைகல்லின் அடியிலிருந்து முதலில் ஒரு மூக்கு வெளிவந்தது. முழு வீடும் அதன் வசமாக மேலும் ஒரு மாதம் ஆயிற்று.

2026 பொங்கலுக்கு நாங்கள் ஓர் அறையை மட்டும் வெள்ளையடித்தோம். மற்றவை ஒவ்வொன்றாக நடக்கும். கூடத்துச் சுவரில், முழங்கால் உயரத்தில், மணியின் உடம்பு உரசி உரசி ஏறிய பழுப்புக் கோடு ஒன்று வாசலிலிருந்து கொல்லைவரை ஓடுகிறது. பொங்கலுக்கு வந்த உறவினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, சுவரை இப்படியா வைத்துக்கொள்வது என்று கேட்டார்.

“அது மணி போற வழி” என்றார் அம்மா. காப்பி கொண்டுவர எழுந்தார். சாவிக்கொத்து ஒலித்தது, அந்தக் கோட்டின் ஓரமாகவே மணியும் எழுந்து போனது.