நேத்து என்ன குழம்பு?

அக்டோபரில் ஏதாவது ஒரு நிகழ்ச்சி நடத்தியாக வேண்டும். கவியரங்கத்தைப் பக்கத்து ஊர்ச் சங்கம் எடுத்துக்கொண்டுவிட்டது. 16ஆம் தேதி உலக உணவு நாள் என்று யாரோ சொல்ல, பசி எங்கள் வாசகர் வட்டத்தின் பங்குக்கு வந்தது.

ஊர்வலம், ஓவியப் போட்டி, மாலையில் கூட்டம் என்று வழக்கமான ஏற்பாடுதான். ஓவியங்களில் பெரும்பாலும் ஒட்டிய வயிறும் துருத்திய விலா எலும்புமாக ஏதோ ஒரு தூர தேசத்துக் குழந்தை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் படத்தில் பார்த்த பசி அது. நம் ஊர்ப் பசிக்கு அந்த முகம் கிடையாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை. தலையில் பூ வைத்துக்கொண்டு பஸ்ஸில் நம் பக்கத்து இருக்கையில்தான் வருகிறார்கள். ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பிவிடுகிறது. பருப்பும் முட்டையும் கீரையும் வேண்டுமே, அவை பிள்ளைகளுக்குப் போக மிஞ்சினால்தான் அம்மாவுக்கு.

அடுத்த முறை ஊர்வலத்தை விட்டுவிட்டு, ரேஷன் கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில் நாற்காலிகளைப் போட்டோம். ராஜஸ்தானில் நடந்தது நினைவில் இருந்தது. 2001இல் அங்கே வறட்சி. அரசுக் கிடங்குகளிலோ தானியம் குவிந்து கிடந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரவேண்டும் என்று அந்த நவம்பர் 28ஆம் தேதி உத்தரவு வந்தது. வழக்கையொட்டி வளர்ந்த உணவு உரிமை இயக்கம் ஊர் ஊராகப் பொது விசாரணைகள் நடத்தியது. ரேஷன் கிடைக்காதவரே அங்கே எழுந்து பேசினார்.

நம் ஊரில் மைக்கைக் கொடுத்தாலும் "பட்டினி கிடக்கிறேன்" என்று ஒருவரும் சொல்லமாட்டார். மானம் தடுக்கும். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்குத்தான் கேட்கத் தெரிந்தது. "நேத்து என்ன குழம்பு வச்சீங்க?" என்று ஆரம்பித்தார். "குழம்பு எதுக்கு தாயி, ஒத்த ஆளுக்கு? கஞ்சியும் ஊறுகாயும் போதும்" என்றார் ஒரு பாட்டி. பேச்சு வளர்ந்தபோது தெரிந்தது, கடையின் இயந்திரத்தில் அவருடைய தேய்ந்த கைரேகை விழுவதில்லை. முதியவர் தன் சார்பில் இன்னொருவரை அனுப்ப விண்ணப்பம் இருப்பது அவருக்குத் தெரியாது. கூட்டத்தில் படித்தவர்கள் பலருக்கும் தெரியாது. விழிப்புணர்வு என்று ஒன்று தேவைப்பட்டது அந்த இடத்தில்தான்.

படம் எடுப்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை. கஷ்டத்தைச் சொன்னவரை நிறுத்திப் படம் பிடிப்பது எனக்கு ஒப்பாது. "படம் இல்லேன்னா நன்கொடை வராது சார்" என்றார் பொருளாளர். அவர் சொன்னபடியே வசூல் குறைந்தது. குறையட்டும்; அந்தக் கூட்டத்துக்குச் செலவே நாற்காலி வாடகையும் டீயும்தான்.

உங்கள் ஊரில் இப்படி ஏதேனும் செய்வதானால் 16ஆம் தேதிவரை காத்திருக்க வேண்டாம். அக்டோபர் 2 அன்றே கிராம சபை கூடுகிறது. ரேஷன் கடை, அங்கன்வாடி, சத்துணவு மூன்றைப் பற்றியும் அங்கே கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்துவிட்டு வாருங்கள்.