கையொப்பமில்லாத முதற் பதிப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விஸ்கொன்சின் மாநிலத்தில், பரபூ என்னும் ஊருக்கு அண்மையில், ஆற்றங்கரை மணற்பரப்பிலே சிறு மரக்குடில் ஒன்று நிற்கின்றது. முன்னொரு காலத்தில் அது கோழிக்கூடாக இருந்தது என்றால் வாசகர் வியக்கக்கூடும். ஆயினும், இயற்கை பேணிய முன்னோடிகளின் நூல்களைத் தேடிச் சேகரிப்போருக்கு இக்குடில் ஒரு தலம் போன்றது.

பல்கலைக்கழகப் பேராசிரியரான அல்டோ லெபொல்ட், உழுதுழுது சாரமிழந்து கைவிடப்பட்ட இந்நிலத்தை 1935ஆம் ஆண்டில் வாங்கினார். வார இறுதிகளில் மனைவியும் ஐந்து மக்களும் உடன்வர, கூட்டைத் துப்புரவாக்கி, கணப்படுப்புக் கட்டி, பைன் மரக் கன்றுகளை நட்டார். முதலாண்டுகளில் நட்டவற்றுட் பெரும்பாலானவை வறட்சியிற் கருகின. மறு வசந்தத்தில் மீண்டும் நட்டனர். அதற்கடுத்த வசந்தத்திலும் நட்டனர். இன்று அங்கே காடு ஓங்கி நிற்கின்றது. எப்பறவை எந்நாளில் வந்தது, எப்பூ எந்நாளில் மலர்ந்தது என்பவற்றையெல்லாம் அவர் நாட்குறிப்பிற் பதிந்து வந்தார். அவ்வனுபவத்திற் பிறந்ததே 'மணல் மாவட்டப் பஞ்சாங்கம்' என்னும் நூல்.

அதனை வெளியிடப் பதிப்பாளர் சிலர் மறுத்தனர். ஈற்றில் 1948 ஏப்பிரல் 14ஆந் திகதி ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தார் இசைவு தெரிவித்தனர். சரியாக ஒரு வாரம் கழிந்தது. 21ஆந் திகதி அயலவர் நிலத்திற் புல் தீப்பற்றியது. அணைக்க விரைந்த லெபொல்ட் மாரடைப்பால் உயிர்துறந்தார், வயது 61. மகன் லூனா கைப்பிரதியை ஒழுங்குசெய்ய, 1949இல் நூல் வெளிவந்தது. தந்தை அதன் அட்டையைக்கூடக் கண்டாரில்லை.

ஆகவே அம்முதற் பதிப்பில் ஆசிரியர் கையொப்பம் இருக்க வழியேயில்லை. அப்படியொரு பிரதி உண்டென்று எவரேனும் விலை கூறுவாராயின், பணப்பையை மூடிக்கொண்டு நடப்பதே உத்தமம்! கையெழுத்துத்தான் வேண்டும் என்போர், வேட்டை விலங்குகளின் பராமரிப்புப் பற்றி அவர் 1933இல் வெளியிட்ட பாடநூலைத் தேடவேண்டும். பயனுள்ள நூலே; பஞ்சாங்கத்தின் இனிமை மட்டும் அதில் இல்லை.

றேச்சல் கார்சன் அம்மையாரின் 'மௌன வசந்தம்' 1962 செப்ரெம்பரில் வெளிவந்தது. 1964 ஏப்பிரலில் அவர் மறைந்தார். இடையே கிடைத்தது ஒன்றரை ஆண்டு, அதுவும் கொடிய நோயோடு. அவர் கையொப்பமிட்ட பிரதிகள் அரிதானமைக்கு வேறு காரணம் வேண்டுமோ?

லெபொல்ட்டின் குடில் 2009இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இலையுதிர் காலத்திற் செல்வோர், அந்தி வேளையில் ஆற்றின் மணற்றிட்டுகளில் வந்திறங்கும் பெருங்கொக்குக் கூட்டங்களையும் காணலாம்.