பிள்ளைகுட்டிக்காரருக்கு முன்னுரிமை!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று எச்சரித்த நம் பெரியவர்கள் ஜப்பான் பக்கம் போனதில்லை. போயிருந்தால் 'வீட்டை விற்றுப் பார்' என்று மாற்றிச் சொல்லியிருப்பார்கள்.

அங்கே மரவீட்டுக்கு வயது ஏற ஏற மதிப்பு இறங்கும். வரிக் கணக்கில் அதன் ஆயுள் 22 வருஷம். அதற்குமேல் மனைக்குத்தான் விலை. மனையும் மலைக்காட்டு ஊரில் என்றால், கேட்கவே வேண்டாம்! 2023-ல் எடுத்த கணக்குப்படி நாடு முழுக்கக் காலி வீடுகள் 90 லட்சம். கிட்டத்தட்ட ஏழு வீட்டுக்கு ஒரு வீட்டில் ஆளில்லை. அதிலும் வாடகைக்கும் விடாமல் விற்கவும் வைக்காமல் அப்படியே போட்டுவிட்டவை மட்டும் 38 லட்சத்துக்கு மேல்.

என் அக்கா மகன் டோக்கியோவில் கம்ப்யூட்டர் உத்தியோகம். இந்தியர்கள் நிறைய இருக்கும் நிஷிகசாய் பேட்டையில் ஜாகை. தீப்பெட்டியில் இரண்டு அறை. குக்கர் விசில் அடித்தால் பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்குமே என்று அவன் மனைவி ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். பெண் குழந்தைக்கு ஆறு வயது. 'குதிக்காதே' என்பதுதான் அவள் காதில் தினமும் விழுகிற சுப்ரபாதம்.

"மாமா, வாடகை கொடுத்தே மாளலை. வாரத்துல ரெண்டு நாள் ஆபீஸ் போனா போதும். மலைப்பக்கமா ஒரு வீடு பார்த்திருக்கேன். அஞ்சு லட்சம் யென்."

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். சுமாராக மூன்று லட்ச ரூபாய். எங்கள் தாம்பரத்தில் இந்தப் பணத்துக்குக் கார் நிறுத்தக்கூட இடம் தரமாட்டார்கள். "சாயங்காலமே கிளம்பலாமா?" என்றேன்.

ஊர் பெயர் ஒகுதாமா. டோக்கியோ மாநகரத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? மேற்குக் கோடி. ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஓமே என்ற இடத்தில் சின்ன ரயிலுக்கு மாறவேண்டும். கதவு தானாகத் திறக்காது. இறங்குகிறவர் பொத்தானை அழுத்தவேண்டும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தேவதாரு மரமாக நிற்கும் மலை. ரயில் அத்தோடு சரி, அதற்குமேல் தண்டவாளம் கிடையாது.

முதலில் டவுன் ஆபீஸ். அங்கே 'அகியா பேங்க்' என்று ஒன்று நடத்துகிறார்கள். அகியா என்றால் காலி வீடு. வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ நினைப்பவர் இங்கே பதிந்துவைக்கலாம். வேண்டுமென்கிறவர் வந்து பார்க்கலாம். இவ்வளவு மலிவான வீட்டை விற்றுக் கொடுத்தால் தரகருக்கு என்ன கமிஷன் தேறும்? அதனால்தான் பல ஊர்களில் நகராட்சியே தரகு வேலை பார்க்கிறது.

அதிகாரி இளைஞர். எங்கள் பையன் சம்பளச் சீட்டை எடுத்து நீட்டினான். அவர் பார்வை அதில் நிற்கவில்லை. "குழந்தைக்கு என்ன வயது?" என்றார். ஆறு என்றதும் அந்த முகத்தில் வந்த மலர்ச்சி இருக்கிறதே... பெண் பார்க்கப் போன இடத்தில் 'பையன் கவர்ன்மென்ட் உத்தியோகம்' என்றால் மாமனார் முகத்தில் வருமே, அதேதான்! இங்கே இளம் தம்பதிக்கும் பிள்ளைகுட்டிக்காரருக்கும்தான் முன்னுரிமை. நிலையாகக் குடியிருக்கச் சம்மதித்தால் சில வீடுகளைச் சும்மாவே கொடுத்திருக்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. 1960-களில் 13,000 பேர் இருந்த ஊர் இது. மரம் வெட்டும் தொழில் கொழித்த காலம். வெளிநாட்டு மரம் மலிவாக வந்து இறங்க, அந்தத் தொழில் படுத்தது. பிள்ளைகள் ரயிலேறிப் போனார்கள். இப்போது 5,000 பேர்கூட இல்லை. அதற்கும் முன்னால், டோக்கியோவின் குடிதண்ணீருக்காக ஒகோச்சி அணை கட்டினார்கள், 1957-ல் முடிந்தது. 945 குடும்பங்கள் வீடு வாசலை விட்டுக் கிளம்பின. பட்டணத்துக்குத் தண்ணீர் கொடுத்த ஊர், பட்டணத்திடம் ஒரு பிள்ளையைக் கேட்கிறது. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது.

வீடு மேட்டில் இருந்தது. ஓட்டுக்கூரை, நாலு அறை, பாயறை, பின்னால் காய்கறிப் பாத்தி. குழந்தை உள்ளே நுழைந்ததும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். யாரும் 'குதிக்காதே' என்று சொல்லவில்லை.

நான் தரையைத் தட்டிப் பார்த்தேன். கட்டியது 1974. இதுதான் சிக்கல். ஜப்பானில் பூகம்பத்துக்கான கட்டட விதியை 1981 ஜூனில் கடுமையாக்கினார்கள். அதற்கு முந்தைய வீடென்றால் தூணுக்கும் சுவருக்கும் முட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். கழிவுநீர்த் தொட்டி, கூரை, குளிர் காற்று புகும் ஜன்னல் எல்லாம் சேர்த்துத் தச்சர் சொன்ன தொகை 40 லட்சம் யென். வீடு அஞ்சு, வைத்தியம் நாற்பது! வங்கிக் கடன் என்றால் பெரும்பாலும் நிரந்தரக் குடியுரிமை இருக்கிறதா என்று கேட்பார்கள். வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடையில்லை. ஆனால் வீடு வாங்கிவிட்டதால் விசா கிடைத்துவிடாது.

"இடிச்சுட்டு மனையா வித்தா என்ன?" என்று கேட்டேன். அங்கே ஒரு வரி சூட்சுமம். வீடு நிற்கிற மனைக்கு 200 சதுர மீட்டர் வரை, மதிப்பில் ஆறில் ஒரு பங்குக்குத்தான் வரி. இடித்தால் சலுகை போச்சு, இடிக்கிற கூலி வேறு. அதனால் விழுகிற வரை நிற்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். 2015 முதல், ஆபத்தான வீடு என்று நகராட்சி முடிவு செய்தால் அந்தச் சலுகையைப் பறிக்கலாம். 2023 கடைசியில் பிடியை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள்.

பாயறையின் மூலையில் ஒரு கறுப்பு அலமாரி. அவன் மனைவி திறந்து பார்த்துவிட்டுச் சட்டென்று கைகூப்பினாள். உள்ளே சின்னப் புத்தர். சுற்றிலும் பெயர் எழுதிய பலகைகள். அந்த வீட்டு முன்னோர்கள்! சொந்தக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது; வேறு ஊரில் இருக்கிறார். இதை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமலே பல வருஷம் வீட்டை விற்காமல் வைத்திருந்தாராம். ஜப்பானில் ஏகப்பட்ட வீடுகள் பூட்டிக் கிடக்க இந்த அலமாரியும் ஒரு காரணம்.

"மாமா, இவங்களை நாம எங்கே அனுப்பறது?" என்றாள் மெதுவாக.

அதிகாரி விளக்கினார். புத்த குருக்கள் வந்து மந்திரம் சொல்லி ஆவாகனத்தை எடுத்துவிடுவார். பிறகு அது வெறும் மரப்பெட்டி. நம்மூரில் கும்பாபிஷேகத்துக்கு முன்னால் பாலாலயம் செய்வார்களே, அந்த மாதிரி. செலவு சொந்தக்காரருடையது. அவளுக்குப் பாதி சமாதானம். "நாங்க வந்தா, அந்த இடத்துல நம்ம சாமியை வெச்சுக்கலாம் இல்லே?" என்று கேட்டாள். அதிகாரி பையனைப் பார்த்தார். பையன் மொழிபெயர்த்தான். அவர் தாராளமாகத் தலையாட்டினார்.

பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தாள். வசாபி இலை ஊறுகாய் ஒரு டப்பா; ஒகுதாமாவின் ஓடைத் தண்ணீரில் விளைகிற சரக்கு. நாக்கில் வைத்தால் காரம் மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறுகிறது. ஆவக்காய் தோற்றது! பாட்டி நிபந்தனைகளை அடுக்கினாள். 'ஜிசிகாய்' என்ற அக்கம்பக்கத்துச் சங்கத்தில் சேரவேண்டும் (காய்கறி இல்லை, 'காய்' என்றால் சங்கம்). குப்பையைத் தினுசு பிரித்து, அந்தந்தக் கிழமையில் வைக்கவேண்டும். குப்பை மேடையை முறை வைத்துக் கழுவவேண்டும். பனி விழுந்தால் மண்வாரி. கரடி வரும் காலத்தில் மணி கட்டிக்கொண்டு நடக்கவேண்டும். டோக்கியோவில் பக்கத்து ஃபிளாட்காரர் பெயரே தெரியாமல் மூன்று வருஷம் இருந்த பையன் திகைத்துப்போய் நின்றான்.

திரும்பும் ரயிலில் அவன் பேசவே இல்லை. அவள்தான் பேசினாள். "வெயில் காலத்துல எல்லாம் அழகாத்தான் இருக்கும். பனிக்காலத்துல ஒரு மாசம் வாடகைக்கு எடுத்து இருந்து பார்ப்போம். அப்புறம் சொல்றேன்." அதுவரை அலமாரியை யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

அங்கே பள்ளிக்கூடம் திறப்பது ஏப்ரலில். குழந்தைக்கு முதுகில் மாட்டுகிற தோல் பை மட்டும் இப்போதே வாங்கியாகிவிட்டது. பையின் விலை அறுபதாயிரம் யென். இன்னும் வாங்காத அந்த வீட்டின் விலையில் எட்டில் ஒரு பங்கு!