கரையும் மாத்திரையும்

லால்குடிக்கு வெளியே, எங்கள் சேரியிலிருந்து வயலுக்குப் பெருவளை வாய்க்கால் கரையோடு போனால் கால்மணி நேரம். சின்னம்மா இருபது வருஷமாக அந்தக் கரையில் கால் வைத்ததில்லை. தார்ரோட்டைச் சுற்றித்தான் நடவுக்குப் போகும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. வாழைத்தோப்பையும் ஊருக்குத் தெரியும், தோப்புக்காரன் மகனையும் தெரியும்.

திருச்சியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். தூங்க மாத்திரை கொடுத்தார். ஒதுக்கிவைத்த இடத்துக்குக் கொஞ்சங் கொஞ்சமாகப் போகணும், நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லணும். அது முடிஞ்சுபோன கதை என்று மனசு கற்றுக்கொள்ளும் என்றார். வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்காக அமெரிக்காவில் எட்னா ஃபோவா வளர்த்தெடுத்த முறை அது.

இதற்குத் துணையாகச் சைக்ளோசெரினைச் சோதித்திருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த மருந்துதான். மற்ற மருந்துக்கு அடங்காத டிபிக்குக் கொடுப்பது. 2004-இல் உயரத்துக்கு அஞ்சுகிறவர்களிடம் நல்ல பலன் தெரிந்தது. மனவடுவில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அந்த மருந்து பயத்தை அழிப்பதில்லை, அன்று மனசு கற்றதை உறுதியாக்குகிறது. பயம் தணிந்தால் தணிவு ஊறும். தணியாவிட்டால் பயமே ஊறிப்போகலாம்.

இதைச் சொன்னபோது சின்னம்மா கேட்டது: "மாத்திரைய முழுங்கிக்கிறேன் புள்ள. அவன் இன்னும் அந்தக் கரையிலதான வண்டியில போறான்? எது முடிஞ்சுபோச்சுன்னு எம் மனசு படிக்கும்?"

என்னிடம் பதிலில்லை. வாச்சாத்தி நினைவுக்கு வந்தது. 1992 ஜூனில் வன்புணரப்பட்ட 18 பழங்குடிப் பெண்கள் விசாரணையில் சொன்னார்கள், நீதிமன்றத்தில் சொன்னார்கள். 2011-இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023-இல்தான் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தோரு வருஷம்! சிகிச்சை அறையில் கேட்கிறவர் நம்பிக் கேட்கிறார். சாட்சிக்கூண்டில் குறுக்குக் கேள்வி. ஒரே கதையைத்தான் சொல்கிறாள். ஓரிடத்தில் புண் ஆறும், ஓரிடத்தில் கீறப்படும்.

மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேல்தட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கும் சிகிச்சை சேரிப் பெண்ணுக்கும் கிடைக்கணும். ஆனால் ஆபத்து முடிந்த இடத்தில்தான் அந்தச் சிகிச்சை தொடங்குகிறது. எங்களுக்கு முடியவில்லை. சாதி அதே கரையில் வண்டி ஓட்டுகிறது.

போன தை மாதம் எட்டுப் பெண்கள் சின்னம்மாவோடு கரையில் நடந்தோம். தோப்பு தெரிந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தது. பாதியில் திரும்பிவிட்டோம்.

"நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டது.

போகிறோம்.