செட்டு

கங்காதர நெல்லூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் மாந்தோப்பு. அதில் ஒரு காலத்தில் பத்தடிக்குள் மூன்று செட்டு இருந்தன. கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஒரு செட்டு. மோட்டார் நனையாமலிருக்கச் சுவர் எழுப்பித் தகரம் போட்ட கூடம் இன்னொரு செட்டு. கூடத்தின்மேல் கிளையைச் சாய்த்துக்கொண்டு நின்ற பெங்களூரா மாமரம் மூன்றாவது செட்டு. முதல் இரண்டும் இங்கிலீஷ். மூன்றாவது தெலுங்கு, தெலுங்கில் மரம் என்றால் செட்டு. நாங்கள் வீட்டில் பேசுவது தமிழ்.

சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் அத்தை மகன் ஒருநாள் என் நைனாவைத் தேடிக்கொண்டு தோப்புக்குப் போனான். காவல்காரர் தெலுங்கர். “செட்டு கிந்த உன்னாரு” என்றார். மரத்தடியில் இருக்கிறார் என்று அர்த்தம். இவன் நேரே மோட்டார் கூடத்துக்குள் நுழைந்து, குனிந்து மோட்டாருக்கு அடியில் பார்த்திருக்கிறான். நைனா வெளியே மர நிழலில் துண்டை விரித்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவன் கல்யாணம் வரைக்கும் இதைச் சொல்லிச் சிரித்தோம்.

அவன்மேல் தப்பில்லை. தெலுங்குக்காரர் வாயில் மரத்துக்கான ‘ச்’ அழுந்தி விழும். எங்கள் காதுக்கு அது தெரியும், சென்னைக் காதுக்குத் தெரியாது. தமிழில் எழுதிவிட்டாலோ எல்லாவற்றுக்கும் ஒரே ‘செ’தான். இத்தனை மொழிகள் எங்களிடம் கலந்ததற்கு எல்லைக்கோடுதான் காரணம். 1911-இல் வட ஆற்காட்டிலும் கடப்பையிலும் இருந்து தாலுகாக்களைப் பிரித்தெடுத்து எங்கள் சித்தூர் ஜில்லாவை அமைத்தார்கள். 1960-இல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. நாங்கள் இந்தப் பக்கம், ஆந்திராவில், தங்கிவிட்டோம். அன்றிலிருந்து வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, மோட்டார் ரிப்பேர் கடையில் இங்கிலீஷ்.

மோட்டாரும் கூடமும் இங்கிலீஷில் ஒரே சொல் இல்லை. ஒன்று செட், மற்றது ஷெட். நம் வாயில் இரண்டும் செட்டாகிவிட்டன. கார் செட்டு, மாட்டுச் செட்டு எல்லாம் ஷெட்தான். ஆனால் பம்புசெட் என்பதில் எது எது என்று எனக்கு இன்றுவரை குழப்பம். தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் “பம்புசெட்டுல குளிச்சோம்” என்கிறார்கள். மோட்டாரிலா குளித்தார்கள்? அங்கே கூடம், தொட்டி, கொட்டுகிற தண்ணீர், அருகிலுள்ள துவைக்கிற கல் எல்லாம் சேர்ந்துதான் பம்புசெட். செட்டும் ஷெட்டும் அந்த ஈரத்தில் ஒன்றாகக் கரைந்துவிட்டன.

இங்கிலீஷ்காரர்கள் மட்டும் சுத்தமா என்று பார்த்தால் அதுவும் இல்லை. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’டுக்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள். விளக்கம் சுமார் 60,000 சொற்கள். ஒரு சொல்லுக்கு ஒரு நாவல்! அதிலும் ஒரு வேடிக்கை. அந்த வினைச்சொல் ‘சிட்’டிலிருந்து பிறந்தது. இரு என்பதிலிருந்து இருத்து வந்த மாதிரி, உட்கார்வதிலிருந்து உட்காரவைப்பது. ஆனால் கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் செட் வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீனில் பின்பற்றுகிறவர்களைக் குறித்த ஒரு சொல், பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. சமயப் பிரிவுக்குச் சொல்கிறார்களே செக்ட், அதுதான் இதன் கூடப்பிறந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றாகிவிட்டன, எங்கள் பம்புசெட் மாதிரியே.

இந்தச் செட்டுக்கு ஒரே தமிழ்ச் சொல் சொல்ல முடியுமா என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை. தயிர் உறைகிறது, பொழுது சாய்கிறது, எலிக்குப் பொறி வைக்கிறோம், மோதிரத்தில் கல் பதிக்கிறார்கள். கணக்குப் பாடத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது கணம், எங்களுக்குச் சமிதி. கொத்தனார் மட்டும் “செட் ஆகட்டும்” என்று கான்கிரீட்டை விட்டுவிட்டுப் பீடி பற்றவைக்கப் போய்விடுவார். அவருக்கு வேறு சொல் வேண்டியதில்லை.

உடைந்த எலும்பைக்கூட இங்கிலீஷ்காரன் செட் செய்கிறான். அந்தத் தொழிலுக்கு எங்கள் பக்கத்துப் புத்தூரைவிடப் பேர்போன இடம் கிடையாது. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் ‘புத்தூர் கட்டு’ என்று போர்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தப் புத்தூர்தான். ஐந்தாம் வகுப்பில் அந்த மாமரத்திலிருந்து விழுந்து எனக்குக் கை உடைந்தது. நைனா தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். இலை அரைப்பு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, சுற்றி இறுக்கிய துணி. வைத்தியர் இழுத்த இழுப்பில் நான் போட்ட சத்தம் அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். எக்ஸ்ரே பார்த்துத்தான் கட்ட வேண்டும் என்று இன்று நானே என் பிள்ளைகளிடம் அடம்பிடிப்பேன். ஆனால் அந்தக் கை கூடியது. செட்டிலிருந்து விழுந்ததற்குக் கட்டு.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு செலவாச்சு?” பாட்டிக்கென்று ஒரு செட்டு இருந்தது. கட்டும் செட்டுமாகக் குடித்தனம் நடத்தியவள். எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் விடுவாள், சுருக்குப் பையை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டுவாள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் செட்டு என்பதற்கு வாணிகம், சிக்கனம் என்று போட்டிருக்கிறது. இந்த மோட்டார், தகரம் எல்லாம் வருவதற்கு முன்பே நம்மிடம் இருந்த சொல். இங்கிலீஷ் செட் பெருகப் பெருக இது மெலிந்துவிட்டது. இன்று “செட்டாச் செலவு பண்ணு” என்று சொன்னால் என் மகன், சேர்த்து மொத்தமாகச் செலவு செய்யச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வான்.

கிணறு எப்போதோ வற்றிவிட்டது. போர் போட்டோம், மோட்டார் பூமிக்குள் இறங்கிவிட்டது. கூடத்துக்கு வேலையில்லாமல் தகரத்தைப் பிரித்து விற்றாயிற்று. ஸ்டார்ட்டர் பெட்டியை மட்டும் எங்கே வைப்பது என்று யோசித்து, கடைசியில் மாமரத்தடியில் ஒரு கல்தூண் நட்டு மாட்டினோம். போன மாதம் அத்தை மகன் போன் செய்தான். ஏதோ பேச்சுக்கு நடுவில், மோட்டார் போடுகிற பெட்டி இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

“செட்டு கிந்த” என்றேன்.

எந்தச் செட்டு என்று அவன் கேட்கவில்லை.