அப்பா தள்ளி வைத்த தட்டு

போன மாசம் கொச்சி போயிருந்தப்போ ஒரு ரெஸ்டாரண்ட்ல நடந்த சின்ன விஷயம். டாக்டரா எனக்கு நல்லா உறைச்சது. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

எட்டு மாசத்துக்கு முன்னாடி அப்பாவுக்கு மாரடைப்பு. சரியான நேரத்துக்குக் கொண்டு போனதால ஸ்டென்ட் வெச்சுக் காப்பாத்திட்டாங்க. அதுக்கப்புறம் அவர் வெளியூர் பக்கமே போகலை. "வாங்கப்பா, கடலைப் பார்த்துட்டு வரலாம்"னு அவரையும் அம்மாவையும் ஃபோர்ட் கொச்சிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

சாயங்காலம் சீன வலைகளைப் பார்த்துட்டு நடந்து வர்ற வழியில, ஒரு பழைய வீட்டு வாசல்ல 'மெடிட்டரேனியன் உணவு'ன்னு போர்டு. கிரீஸ், லெபனான், துருக்கி மாதிரி மத்தியதரைக் கடலோர நாடுகளோட சாப்பாடு. மெனு கார்டை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டு, "இதுல எதுடா நமக்குத் தெரிஞ்சது?"ன்னு அம்மா கேட்டாங்க. ஹம்முஸ், சுட்ட கத்தரிக்காயில செய்யற பாபா கனூஷ், தணல்ல சுட்ட மீன், பீட்டா ரொட்டி, சாலட் எல்லாம் நானே சொன்னேன்.

ஹம்முஸ் வந்தது. நடுவுல குழி பண்ணி அதுல ஆலிவ் எண்ணெய் ஊத்தியிருந்தாங்க.

அப்பா ஒரு நிமிஷம் பார்த்தார். தட்டை என் பக்கம் தள்ளி வெச்சார். "எண்ணெய் குளமா நிக்குது தம்பி. எனக்கு ஆகாது. நீங்க சாப்பிடுங்க, எனக்கு வெறும் ரொட்டி போதும்."

எந்த ஊர்ல எந்தக் கடையில பரோட்டா நல்லா இருக்கும்னு மனப்பாடமா சொன்ன மனுஷன் அவர். இன்னைக்கு ஒரு கிண்ணத்தைப் பார்த்துப் பயப்படறார். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது யார் தெரியுமா? நான்தான்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்னைக்கு ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினேன். எண்ணெய் கூடாது. தேங்காய் கூடாது. வேர்க்கடலை கூடாது. முட்டை மஞ்சக்கரு கூடாது. இப்படிப் பத்து வரி. எல்லாமே 'கூடாது'. 'இதைச் சாப்பிடுங்க'ன்னு ஒரு வரி இல்லை.

அம்மா அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டாங்க. காலையில இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி மறுபடி இட்லி. எண்ணெயை எடுத்த இடத்துல மாவுச்சத்து வந்து உட்கார்ந்துடுச்சு. சமீபத்துல எடுத்த டெஸ்ட்ல அப்பாவோட சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டிருந்தது. எந்த மாத்திரை ஆரம்பிக்கலாம்னு யோசிச்சிட்டு இருந்தேனே தவிர, அவர் தட்டுல என்ன இருக்குன்னு நான் பார்க்கவே இல்லை.

இத்தனைக்கும் படிச்சது எனக்கு நல்லாவே தெரியும். ஸ்பெயின்ல ஏற்கெனவே இதய ரத்தக்குழாய் நோய் இருந்த 1002 பேரை ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஏழு வருஷம் கவனிச்சாங்க. ஒரு குழுவுக்குக் கொழுப்பு குறைந்த உணவு. இன்னொரு குழுவுக்கு ஆலிவ் எண்ணெய், பருப்பு வகைகள், மீன், காய்கறி நிறைந்த மெடிட்டரேனியன் உணவு. 2022ல் முடிவு வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியான பெரிய பாதிப்பு கொழுப்பைக் குறைச்ச குழுவில் 111 பேருக்கு, மெடிட்டரேனியன் குழுவில் 87 பேருக்கு.

அதாவது எடுத்துட்டா மட்டும் போதாது. எடுத்த இடத்துல எதை வைக்கிறோம்ங்கறதும் முக்கியம்.

"அப்பா, தப்பு என் மேலதான். அரைகுறையா சொல்லிட்டேன். இதை நீங்க தாராளமா சாப்பிடலாம்"னு சொல்லி, தட்டைத் திருப்பி அவர்கிட்டயே வெச்சேன். அதுக்குள்ள அம்மா ஒரு வாய் எடுத்து நாக்குல வெச்சுட்டு, "அட, கொண்டைக்கடலைடா இது! எள்ளும் பூண்டும் போட்டு அரைச்சு எலுமிச்சை பிழிஞ்சிருக்கான்"னாங்க. அப்பா சிரிச்சார். "சுண்டலை மிக்ஸியில போட்டதுக்கா இந்த விலை?" கிண்ணம் காலி. மீனும் முள்ளு மட்டும்தான் மிச்சம். எட்டு மாசத்துல அவர் இப்படி ருசிச்சுச் சாப்பிட்டு நான் பார்க்கலை.

ஒரு எச்சரிக்கை. மெடிட்டரேனியன்னு போர்டு இருந்தா உள்ள இருக்கிற எல்லாமே இதயத்துக்கு நல்லதுன்னு அர்த்தம் இல்லை. அதே மெனுவுல மைதா ரொட்டி, உருளை வறுவல், உப்பு ஜாஸ்தியான சீஸ், சர்க்கரைப் பாகுல ஊறின பக்லாவா எல்லாம் இருந்தது. அதெல்லாம் எப்பவாவது கொஞ்சம், அவ்வளவுதான்.

இதுக்காக நீங்க விலை கொடுத்து ஆலிவ் எண்ணெய் வாங்கணும்னு இல்லை. கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ அளவா ஊத்துங்க. தட்டுல பாதி காய்கறி இருக்கட்டும். சோறு கால் பங்கு. மீதி கால் பங்குல சுண்டல், பயறு, பருப்பு, மீன், முட்டை. மத்தி, அயிலை ரெண்டும் அருமையான மீன்கள், பொரிக்காம குழம்பு வைங்க. மாலையில பஜ்ஜிக்குப் பதிலா ஒரு கைப்பிடி வேர்க்கடலை. சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்களுக்கு மட்டும் கணக்கு வேற, உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க. முக்கியமா, ஸ்டென்ட் வெச்சவங்க சாப்பாட்டை மாத்திட்டோம்னு மாத்திரையை நிறுத்தவே கூடாது.

ஊருக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ்ல இருந்த பேப்பரைக் கிழிச்சுட்டு, 'சாப்பிடலாம்'னு தலைப்பு போட்டு வேற ஒண்ணு ஒட்டினேன். மறுநாள் பார்த்தா அடியில அப்பா அவர் கையெழுத்துல ஒரு வரி சேர்த்திருக்கார்: 'ஞாயிறு – மத்தி மீன் குழம்பு.'

ஓபியில ஒரு நோயாளிக்கு எனக்குக் கிடைக்கிறது ரெண்டு, மூணு நிமிஷம். அந்த அவசரத்துல நானும் 'எண்ணெயைக் குறைங்க, சோத்தைக் குறைங்க'ன்னு சொல்லி அனுப்பினவன்தான். அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை எந்த டாக்டராவது 'இது கூடாது, அது கூடாது'ன்னு சொன்னா, தயங்காம திருப்பிக் கேளுங்க: "அப்போ நான் என்ன சாப்பிடலாம் டாக்டர்?"

அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது எங்க கடமை.