காலையில் ஜெனரேட்டர் எவ்வளவு சூடு?

இலங்கைச் சாலைகளில் ஹைபிரிட் கார்கள் சர்வசாதாரணம். பல கார்கள் ஜப்பானில் சில வருடங்கள் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்தவை. பெட்ரோல் குறைவாகக் குடிப்பதால், வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கு இவை செல்லப்பிள்ளைகள்.

யாழ்ப்பாணத்து ஓட்டுநர் ஒருவர் அப்படி ஒரு காரை லீசிங்கில் வாங்கியிருந்தார். கொழும்புக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் ஆட்களைக் கொண்டுபோய் விடுவதுதான் தொழில். மாதம் பிறந்தால் லீசிங் தவணை, மகளின் டியூஷன் காசு, வீட்டுச் செலவு எல்லாமே அந்த ஒரு காரிலிருந்துதான் வர வேண்டும்.

ஒருநாள் உச்சி வெயில். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, மாங்குளத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். டேஷ்போர்டில் எச்சரிக்கை முக்கோணம் எரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தும் கார் இழுக்கவில்லை. ஆனால், இன்ஜின் சூட்டைக் காட்டும் விளக்கு எரியவே இல்லை. மர நிழலில் அரை மணி நேரம் நிறுத்தியதும் கார் ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. வவுனியாவை நெருங்கும்போது மறுபடியும் முக்கோணம். பயணிகளை வேறு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஒரு கராஜைத் தேடிப் போனார்.

அங்கே ஸ்கேனரை மாட்டியதும், 'ஜெனரேட்டர் அதிக சூடு' என்று வந்தது.

"ஜெனரேட்டர் போயிட்டுது. கியர்பாக்ஸோட சேர்த்து மாத்தவேணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை, ஆறு மாத லீசிங் தவணைக்குச் சமம்.

இரவுக் குளிர்ச்சியில் மெல்ல ஓட்டி வீடு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்ட மனைவி, "என்ரை காப்பு ரெண்டையும் அடகு வைச்சால் காணுமோ?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு முன் இன்னொருவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று, ஊரில் ஹைபிரிட் வேலை தெரிந்த வயதான மெக்கானிக்கிடம் போனார். அவர் காரைத் தொடவே இல்லை. "இரவு முழுக்க நிப்பாட்டி வையுங்கோ தம்பி. காலமை ஸ்டார்ட் பண்ணாதேங்கோ, நான் வாறன்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிய, காருக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். 1997-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ப்ரியஸ் முதல், இந்த வகை ஹைபிரிட்களில் பெட்ரோல் இன்ஜினோடு இரண்டு மின் மோட்டார்கள் இருக்கின்றன. ஒன்று சக்கரத்தைச் சுழற்றும். மற்றது ஜெனரேட்டர். இன்ஜினை ஸ்டார்ட் செய்வதும், பிறகு இன்ஜின் ஓட்டத்திலிருந்து மின்சாரம் எடுப்பதும் அதன் வேலை. இரண்டையும் கட்டுப்படுத்துவது இன்வெர்ட்டர். இவை எல்லாமே சூடாகும். அந்தச் சூட்டைத் தணிக்கத் தனியாக ஒரு கூலன்ட் பாதை இருக்கிறது. அதற்குத் தனி டாங்கி, தனி மின் பம்ப். இன்ஜினுக்கான கூலன்ட் வேறு பாதையில் ஓடுகிறது. இன்ஜின் சூட்டு விளக்கு எரியாததன் காரணம் இதுதான்.

மறுநாள் காலை மெக்கானிக் வந்து, சுவிட்சை மட்டும் போட்டு ஸ்கேனரில் பார்த்தார். ஜெனரேட்டர், மோட்டார், இன்வெர்ட்டர் மூன்றுமே 28, 29 டிகிரி காட்டின. இரவெல்லாம் ஆறிக் கிடந்த காரில் எல்லாம் காற்றின் வெப்பத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் துள்ளி நின்றால் சென்சார் மீது சந்தேகம் வரும்.

"சென்சார் பொய் சொல்லேல்ல. சூடு உண்மைதான். ஆனா, ஏன் ஆறேல்ல எண்டுதான் பார்க்கவேணும்" என்றார்.

அடுத்து, குளிர்ந்திருந்த இன்வெர்ட்டர் கூலன்ட் டாங்கியின் மூடியைத் திறந்தார். அளவு சரியாக இருந்தது. காரை 'ரெடி' நிலைக்குக் கொண்டுவரச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். பம்ப் வேலை செய்தால் உள்ளே கூலன்ட் சுழன்று அலையும். இங்கே குளத்து நீர் மாதிரி அசையாமல் கிடந்தது. பம்ப்பில் கை வைத்தார், அதிர்வே இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. பம்ப்புக்கு 12 வோல்ட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. செத்துப்போனது ஜெனரேட்டர் அல்ல, அதைக் குளிரவைக்கும் பம்ப்.

புது பம்ப் மாட்டி, சரியான கூலன்ட் ஊற்றி, குழாயில் சிக்கிய காற்றையும் வெளியேற்றினார்கள். காற்று நின்றுவிட்டால் புது பம்ப் இருந்தும் பயனில்லை. செலவு ஒரு தவணையில் பாதிகூட ஆகவில்லை. காப்பு மனைவியின் கையிலேயே இருந்தது. அன்றைக்கே மத்தியான வெயிலில், ஸ்கேனரை மாட்டியபடி ஆனையிறவு வரை ஓட்டிப் பார்த்தார்கள். ஜெனரேட்டர் சூடு கொஞ்சம் ஏறி, பிறகு அங்கேயே நின்றது.

இந்தக் கோளாறு உலகத்துக்குப் புதிதல்ல. 2012 நவம்பரில் பழைய ப்ரியஸ் கார்கள் பலவற்றை டொயோட்டா திரும்ப அழைத்தபோது, இந்த மின் பம்ப்பும் அதற்கு ஒரு காரணம். பம்ப் நன்றாக இருந்தால் ரேடியேட்டர் அடைப்பு, மின்விசிறி, கியர்பாக்ஸ் ஆயில் அளவு என்று பார்த்துவிட்டுத்தான், கடைசியாக ஜெனரேட்டரின் செப்புச்சுருளைச் சோதிக்க வேண்டும்.

அந்தக் கடைசிச் சோதனை பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமானது. ஆரஞ்சு நிற ஒயர்களில் 200 வோல்ட்டுக்கு மேலும், சில கார்களில் 500 வோல்ட்டுக்கு மேலும் பாயும். வீட்டில் நாம் செய்யக்கூடியது, கார் ஆறியிருக்கும்போது டாங்கியைப் பார்ப்பது மட்டும்தான். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றக் கூடாது. சுண்ணாம்புக்கல் பூமியான யாழ்ப்பாணத்தில், கேத்தலின் அடியில் படியும் வெள்ளை உப்பு கூலன்ட் குழாயிலும் படியும்.

இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்த ஓட்டுநர் டாங்கிக்குள் கூலன்ட் சுழல்கிறதா என்று பார்க்கிறார். டார்ச் பிடிப்பது மகள். "சுத்துது அப்பா" என்று அவள் சொன்ன பிறகுதான் கொழும்புப் பயணம்.